பந்தி இலக்கம் இல்லாத கதை

ரெஜினா அக்கா காலமான செய்தி எனக்கு ஒரு தமிழ்க் கடையின் கண்ணாடிக் கதவில் கிடைத்தது. சனிக்கிழமை காலை, மரக்கறி வாங்கப் போயிருந்தேன். கதவின் உட்புறம் நாலு மூலையிலும் ஒட்டுநாடா ஒட்டி ஓர் அறிவித்தல் தொங்கியது. படத்தைப் பார்த்துவிட்டுக் கதவை விட்டேன். பின்னால் வந்தவர் உள்ளே போவதா நிற்பதா என்று கேட்டார். விலகி நின்று, பனிக்குள் நின்றபடியே வாசித்தேன்.

எங்கள் மரண அறிவித்தல்களின் அச்சு எல்லோருக்கும் தெரியும். மட்டக்களப்பைப் பிறப்பிடமாகவும் மொன்றியலை வதிவிடமாகவும் கொண்டவர். காலஞ்சென்ற இன்னாரின் அன்பு மகள். இன்னாரின் அன்பு மனைவி. கணவரின் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்ற சொல் இல்லை. எழுதியவர் அதைப் போடவும் துணியவில்லை, அவர் எங்கே இருக்கிறார் என்று சொல்லவும் வழியில்லை. ரொறன்ரோவைச் சேர்ந்த ஷாமினியின் பாசமிகு பெரியம்மா. அவ்வளவுதான். மற்றவர்களுடைய அறிவித்தலில் மருமக்கள், பேரப்பிள்ளைகள், சம்பந்திகள் என்று நீண்டுகொண்டே போகும். அக்காவுடையது நாலு வரியில் முடிந்துவிட்டது. அந்த அச்சில் வகுப்புத் தோழன் என்பவனுக்கு இடமே இல்லை. நான் அவருக்கு அதுதான். அதனால் இதைத் தனியாக எழுதவேண்டியிருக்கிறது.

இங்கே பள்ளிக்கூடத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நடுவே செஜெப் என்று ஒரு கல்லூரி உண்டு. நான் கொம்பியூட்டர் படிக்கலாம் என்று போனேன். அங்கே போனபிறகுதான் தெரிந்தது, என்ன படித்தாலும் ஹியுமானிட்டிஸ் என்று மூன்று பாடம் கட்டாயம். அப்போது எனக்கு முப்பது வயது. கார்ட்டியர்வில்லில் ஒரு நிலக்கீழ் அறையில் இன்னும் மூன்று பேருடன் இருந்தேன். நாலு பேருக்கும் வேறு வேறு வேலை நேரம் என்பதால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதே அரிது. சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வகுப்பு, பின்னேரம் இரண்டு மணிக்குப் பாண் பேக்கரியில் வேலை. மனிதன் எதை எப்படி அறிகிறான் என்று பாடத்தின் தலைப்பு. இதைத் தெரிந்து எனக்கு என்ன ஆகப்போகிறது என்று முதல் நாளே எரிச்சலாக இருந்தது.

வகுப்பில் இருபத்தைந்து பேர். தமிழ் முகம் இரண்டு. ஒன்று என்னுடையது, மற்றது முன்வரிசையில் கோட்டைக் கழற்றாமல் இருந்த ஒரு பெண்ணுடையது. நாற்பத்தைந்து வயதிருக்கும். நான் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன். முதல் ஐந்து கிழமையும் நாங்கள் தலையசைத்ததோடு சரி. ஒரு தமிழரைக் கண்டால் அடுத்தது எந்த ஊர், எப்போது வந்தீர், அகதிக் கேஸ் சரிவந்ததா என்று போகும். அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லி எனக்கு அலுத்திருந்தது. அவருக்கும் அப்படித்தானாம், பிறகு சொன்னார்.

ஆறாவது கிழமை டொரதி மிஸ் எங்கள் இருவரையும் வகுப்பு முடிந்ததும் நிற்கச் சொன்னார். மற்றப் பிள்ளைகள் அவரை டொரதி என்றே கூப்பிடுவார்கள். எங்கள் இருவருக்கும் மட்டும் 'மிஸ்' இல்லாமல் வாய் வராது. அவர் மேசையில் இரண்டு கட்டுரைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். உனக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒன்றை எழுது, அது எப்படித் தெரியவந்தது என்றும் எழுது என்பது கொடுத்த வேலை. இரண்டு கட்டுரையும் ஒன்று, இரண்டு, மூன்று என்று பந்திக்குப் பந்தி இலக்கம் இட்டிருந்தன. இரண்டிலும் ஒவ்வொரு பந்தியும் 'அன்றைய தினமளவில்' என்று தொடங்கியது. இரண்டும் 'மேற்கூறிய யாவும் என் அறிவுக்கெட்டிய வரையில் உண்மையென இத்தால் உறுதிசெய்கிறேன்' என்று ஒரே ஆங்கிலத்தில் முடிந்தன. யார் யாரைப் பார்த்து எழுதியது என்று மிஸ் கேட்டார். பார்த்து எழுதினால் சுழியம், கல்லூரிக் கோப்பில் ஒரு கடிதமும் ஏறும் என்றார்.

கோப்பு என்ற சொல்லைக் கேட்டதும் நான் மேசையிலிருந்து ஓரடி பின்னால் நகர்ந்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் ஒருவர் இருந்து கடதாசியைப் பார்த்தபடி கேள்வி கேட்டால் எங்கள் ஆட்களுக்கு வேறொரு விசாரணை அறைதான் ஞாபகம் வரும். நான் செய்த முதல் காரியத்தை இங்கே ஒளிக்க விரும்பவில்லை. எனக்கு இவவைத் தெரியாது, ஒரு நாளும் கதைத்ததில்லை என்று சொன்னேன். உண்மைதான். ஆனால் சொன்ன விதம், பக்கத்தில் நின்ற மனுசியைத் தள்ளிவிட்டு நான் தப்பினால் போதும் என்பதுபோல இருந்தது. ரெஜினா அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபிக்கவில்லை. பிறகு தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் மிஸ்ஸிடம் மெதுவாகச் சொன்னார்: "மிஸ், நாங்கள் பார்த்து எழுதவில்லை. எங்கள் இரண்டு பேருடைய வாழ்க்கையையும் ஒரே ஆள் எழுதினவர்."

விஷயம் அதுதான். மொன்றியலுக்கு அந்தக் காலத்தில் வந்த எங்களில் பாதிப்பேர், ஒரு மேல்மாடி அறையில் தட்டச்சு இயந்திரத்தோடு இருந்த ஒரு ஐயாவிடம்தான் அகதிக் கோரிக்கை எழுதுவித்தோம். கேஸ் எழுதுவது என்று சொல்வோம். நாங்கள் சொல்லச் சொல்ல அவர் ஆங்கிலத்தில் அடிப்பார். நடுவில் எதையாவது விரித்துச் சொன்னால் கையை உயர்த்துவார். "அது கேஸுக்குத் தேவையில்லை, அடுத்தது?" அவரில் பிழை சொல்ல மாட்டேன், நூற்றுக்கணக்கான பேரைக் காப்பாற்றினவர். ஆனால் எங்களுக்கு ஆங்கிலத்தில் எங்களைப் பற்றி எழுதத் தெரிந்த ஒரே முறை அதுதான். உனக்கு நிச்சயமாகத் தெரிந்ததை எழுது என்றதும் இரண்டு பேரும் தனித்தனியே அதே இலக்கத்தைப் போட்டு அதே உறுதிமொழியோடு முடித்திருக்கிறோம்.

மிஸ் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு, இரண்டையும் வாசித்ததில் தனக்குத் திகதிகள் எல்லாம் தெரிந்துவிட்டன, எழுதியவர்கள் யார் என்று தெரியவில்லை என்றார். இரண்டு கிழமை தவணை தந்தார். இலக்கம் இல்லாமல் எழுதிக்கொண்டு வரச் சொன்னார்.

வெளியே வந்தபோது எனக்கு அக்காவின் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. சனிக்கிழமைகளில் அங்கே சிற்றுண்டிச்சாலை பூட்டு. இயந்திரத்தில் நாணயம் போட்டால் கோப்பி விழும். அதன் பக்கத்தில் உட்கார ஒரு நீளமான வாங்கு. அக்கா இரண்டு கோப்பி எடுத்துக்கொண்டு வந்து ஒன்றை என்னிடம் நீட்டினார். "என்னைத் தெரியாதெண்டு சொன்னீங்க. சரி, இனித் தெரிஞ்சிக்கலாம்," என்றார். அப்படித்தான் எங்கள் பழக்கம் தொடங்கியது.

அவர் நோத்ர-டாம்-த-கிரேஸில் ஓர் அறை வீட்டில் தனியாக இருந்தார். ஆஸ்பத்திரிகளின் துணி தோய்க்கும் ஆலையில் வேலை. எட்டு மணித்தியாலம் நின்றபடி வெள்ளை விரிப்புகளை மடிக்க வேண்டும். இயந்திரச் சத்தத்தில் யாரும் யாரோடும் கதைக்க முடியாது. கதைக்க முடிந்தாலும் பக்கத்தில் நிற்பவர்களுடைய மொழி ஒவ்வொன்றும் வேறு. திங்கட்கிழமை காலை மேற்பார்வையாளர் 'பொன்ஜூர்' என்று வணக்கம் சொல்வார், வெள்ளி பின்னேரம் 'மெர்சி' என்று நன்றி சொல்வார், இரண்டுக்கும் நடுவில் ஒன்றும் இல்லை என்று அக்கா சிரித்துக்கொண்டே சொல்வார். பட்டமோ வேறு வேலையோ அவருக்கு நோக்கமில்லை. ஏன் இங்கே வந்து காசைக் கொட்டுகிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். அவர் சொன்னதை வீடு போய்க் கொப்பியில் எழுதி வைத்தேன். "இந்த நாட்டுக்கு வந்து எத்தனையோ பேரு எனக்கிட்டக் கேள்வி கேட்டிரிக்காங்க தம்பி. எல்லாரும் ஃபோர்ம் நிரப்பத்தான். இந்த மிஸ் ஒராள்தான் கேட்டுப்போட்டு, பதில் வரும் வரைக்கும் பாத்துக்கிட்டு நிக்கா."

தவணை முடிவதற்கு முந்திய சனிக்கிழமை இருவரும் அதே வாங்கில் இருந்தோம். ஆளுக்கு ஒரு வெற்றுத்தாள். இலக்கம் இல்லாமல் எங்கே தொடங்குவது என்று இருவருக்கும் தெரியவில்லை. ஒருவரை ஒருவர் கேட்கலாம், கேஸ் ஐயா கேட்காத கேள்வியாகக் கேட்கவேண்டும் என்று அக்கா ஒரு யோசனை சொன்னார். வயதில் சின்னவன் என்பதால் முதலில் நான் என்று தீர்ப்பும் அவரே சொன்னார். என்னுடைய பழைய கட்டுரையை மடியில் விரித்து, நாலாம் பந்தியில் விரலை வைத்தார். 'அன்றைய தினமளவில் நான் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறினேன்' என்பது நாலாம் பந்தி.

"அப்ப உங்களோட ஆரு இரிந்த?" என்று கேட்டார்.

அப்பா என்றேன். நான் சைக்கிளை உருட்டினேன், பின்னால் கரியரைப் பிடித்தபடி அப்பா நடந்தார். அப்பா என்ன கதைத்தார் என்று கேட்டார். ஒன்றும் கதைக்கவில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். எட்டு வருடமாக நினைக்காத ஒன்று அப்போது வந்து நின்றது. அப்பா அவ்வளவு தூரமும் ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டு வந்தார். "தம்பி, பின்கதவு பூட்டினதோ?" நூறு தரம் கேட்டிருப்பார். ஊரே றோட்டில் நிற்கிறது, இவர் பின்கதவைப் பற்றிக் கேட்கிறார் என்று எனக்குப் பொறுமை போய்விட்டது. ஓம், பூட்டினது, பேசாமல் வாங்கோ என்று கத்தினேன். ஆனால் பின்கதவு பூட்டப்படவில்லை. கடைசியாக வெளியே வந்தவன் நான். திறப்பு என் காற்சட்டைப் பைக்குள் இருந்தது, பூட்டு வீட்டுக்குள் மேசையில் இருந்தது. அப்பா வன்னியில் காய்ச்சலில் கிடந்து சாகும்போதும் அந்தக் கேள்வியைக் கேட்டார். அப்போதும் பூட்டினது என்றுதான் சொன்னேன்.

இதைச் சொல்லி முடிக்கும்போது நான் அழுதுகொண்டிருந்தேன். கோப்பி இயந்திரத்துக்கு வந்த ஒரு பொடியன் எங்களைப் பார்த்துவிட்டுக் கோப்பி எடுக்காமலே போய்விட்டான். அக்கா என்னைத் தேற்றவில்லை. கைக்குட்டை ஒன்றை மட்டும் எடுத்து வாங்கில் வைத்தார். பிறகு என் தாளை என் பக்கம் தள்ளி, "நிச்சயமாத் தெரிஞ்ச ஒண்டு ஒங்களுக்கிட்ட இரிக்கி தம்பி. எழுதுங்க," என்றார்.

இனி அவருடைய முறை. நான் புதுத்தாள் எடுத்தேன். அவர் கட்டுரையில் மொத்தம் முப்பத்தொரு பந்தி. ஒன்பதாம் பந்தியில் கணவர் கொண்டுபோகப்படுகிறார். பத்தாம் பந்தியில் இவர் மூன்று நாள் இராணுவ முகாம் வாசலில் நிற்கிறார். பதினோராம் பந்தியில் வேறு மாதம், வேறு ஊர். நான் பத்தாம் பந்தியில் விரலை வைத்து அவர் கேட்ட அதே கேள்வியைக் கேட்டேன். கேட்டுவிட்டு அதைத் தாளின் மேலே எழுதியும் வைத்தேன். 'அப்ப உங்களோட ஆர் இருந்தது?'

அக்கா கோப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். கோட்டை அன்றுதான் முதல் தடவையாகக் கழற்றிப் பக்கத்தில் வைத்திருந்தார்.

"ஓராள் இரிந்த தம்பி. மூணு நாளும் எனக்குப் பக்கத்திலயே இரிந்த. அந்தாளப் பத்திச் சொல்லத் தொடங்கினாக் கேஸ் ஐயா கையத் தூக்கிப் போட்டார். அதுக்குப் பொறகு நான் ஆருக்கும் சொல்லல்ல. கொஞ்சம் நீளமான கதை."

நான் சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்தேன். ஒன்றேகால். ஒன்று இருபது பஸ்ஸை விட்டால் பேக்கரிக்குப் பிந்தும். ஏற்கெனவே அந்த மாதம் இரண்டு தரம் பிந்தியிருந்தேன். "பேந்து கதைப்பம் அக்கா, வாற கிழமை," என்று சொல்லித் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தேன். அவர் தலையசைத்து, கோட்டை எடுத்துத் திரும்பப் போட்டுக்கொண்டார். பொத்தான் போடும் வரைக்கும்கூட நான் நிற்கவில்லை.

அடுத்த கிழமை நான் பின்கதவைப் பற்றி நாலு பக்கம் எழுதிக்கொண்டு போனேன். மிஸ் அதை வகுப்பில் வாசித்துக் காட்டினார். அக்கா பழைய கட்டுரையையே கொண்டு வந்திருந்தார். இலக்கங்களை மட்டும் வெள்ளை மையால் அழித்திருந்தார். முப்பத்தொரு பந்தியின் முன்னாலும் முப்பத்தொரு வெள்ளைப் புள்ளி காய்ந்துபோயிருந்தது. மிஸ் அதற்குச் சித்தியடையப் போதுமான புள்ளி போட்டுக் கொடுத்தார். என்னக்கா இப்படி என்று கேட்டதற்கு, "நம்பர் போயிட்டுத்தானே," என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் என் பங்கு எவ்வளவு என்று அன்று எனக்கு விளங்கவில்லை, அல்லது விளங்காதமாதிரி இருந்துவிட்டேன்.

அதன் பிறகு வாழ்க்கை ஓடத் தொடங்கியது. மூன்று பாடத்தையும் முடித்து நான் பகல் வகுப்புக்கு மாறினேன். அக்கா சனிக்கிழமைகளிலேயே நின்றார். அரையாண்டுத் தவணைக்கு ஒரு பாடம். கட்டாயப் பாடங்கள் முடிந்த பிறகும் நல்லது எது கெட்டது எது என்று கேட்கும் பாடம், மற்ற நாட்டார் உலகத்தை எப்படிப் பார்க்கிறார்கள் என்று கேட்கும் பாடம் என்று தேடித் தேடி எடுத்தார். நடைபாதையில் கண்டால் அன்றைய கேள்வியை எனக்கும் சொல்லுவார். நான் பாதியில் மணிக்கூட்டைப் பார்ப்பேன். "ஒங்கட யாழ்ப்பாணத்துப் பேந்து எப்ப தம்பி வரும்?" என்று, பிறகு என்பதற்கு எங்கள் ஊர்ச் சொல்லைப் பிடித்து ஒருமுறை பகிடியாகக் கேட்டார். நானும் சிரித்தேன். பேந்து என்றேன்.

கலியாணமாகி, மகள் பிறந்து, டொலார்ட்-டெஸ்-ஓர்மோவுக்கு வீடு மாறினோம். அங்கே முருகன் கோயில் தேர்த் திருவிழாவில் அக்காவைக் கண்டேன். அவர் கத்தோலிக்கர். சனக்கூட்டத்துக்குள் தமிழ்ச் சத்தம் கேட்கலாம் என்று இரண்டு பஸ் மாறி வந்தேன் என்றார். என் மகளின் கன்னத்தைத் தடவிவிட்டு, மனைவியிடம் நான் நல்ல கட்டுரைக்காரன் என்றார். போகும்போது, "கதை மிச்சம் இரிக்கி தம்பி," என்று மெதுவாகச் சொன்னார். வீட்டுக்கே வாறன் அக்கா என்று நான் விலாசம் வாங்கினேன். விலாசம் இப்போதும் என் தொலைபேசியில் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இரண்டு வருடம் முந்தி, மெற்றோவில் எதிர்த் தளத்தில் அவரைக் கண்டேன். வாங்கில் தனியே இருந்து ஏதோ பாடப்புத்தகம் வாசித்துக்கொண்டிருந்தார். அதே கோட்டு. தலை நரைத்திருந்தது. நடுவில் தண்டவாளம் மட்டும்தான். கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்கும். அவருடைய ரயில் முதலில் வந்தது, அவரை மறைத்தது, நான் பெருமூச்சு விட்டேன். அது நிம்மதி. அதை நினைத்தால் இப்போது என்னை எனக்கே பிடிக்கவில்லை.

அவர் வேலைக்கு இரண்டு நாள் வராததால் ஆலையிலிருந்து ஆள் அனுப்பிப் பார்த்திருக்கிறார்கள். இதயம் நின்றுவிட்டது என்றார்கள். இறுதிச் சடங்குக்குப் பன்னிரண்டு பேர் வந்தோம். ஆலையில் வேலை செய்யும் ஐந்து பெண்கள் சீருடையோடு வந்து பின்வரிசையில் நின்றார்கள். பங்குத்தந்தை வந்தார். டொரதி மிஸ் ஊன்றுகோலோடு வந்திருந்தார். ரெஜினா எட்டுத் தவணை என் வகுப்பில் இருந்தாள், ஒரு நாளும் வராமல் விட்டதில்லை என்று அவர் என்னிடம் சொன்னார்.

ரொறன்ரோவிலிருந்து கார் ஓட்டிக்கொண்டு வந்த ஷாமினிக்கு இருபத்திரண்டு வயது. நான் யார் என்று கேட்டாள். பெரியம்மாவோடு செஜெப்பில் படித்தவன் என்றேன். அவள் முகம் மலர்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, பாதி ஆங்கிலத்திலும் பாதி தமிழிலும் சொன்னாள்.

"அது நீங்களா அங்கிள்? பெரியப்பாக்கு என்ன நடந்தது, அப்ப ஆர் கூட இருந்தது எண்டு நான் எப்பவும் பெரியம்மாட்டக் கேப்பன். உனக்கு இங்கிலீஷிலதான் விளங்கும், எனக்கு அது தமிழிலதான் வரும் எண்டு சொல்லுவா. மொன்றியலில ஒரு தம்பிக்கு எல்லாம் சொல்லி வச்சிருக்கிறன், எனக்குப் பிறகு அவரிட்டக் கேள் எண்டவா."

எனக்கு எதுவும் தெரியாது என்று அவளிடம் சொல்ல என்னால் முடியவில்லை. அக்காவைப் பொய்க்காரி ஆக்க மனம் வரவில்லை. அந்தப் பிள்ளையிடம் அக்கா ஏன் அப்படிச் சொன்னார் என்று இந்த ஒரு மாதமாக யோசிக்கிறேன். இந்த ஊரில் தன்னைக் கேட்டு அறிந்த ஒருவர்கூட இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் வந்திருக்காது. அல்லது, நான் வருவேன் என்று கடைசி வரைக்கும் நம்பியிருப்பார். இரண்டாவதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது. பேந்து கதைப்பம் பிள்ளை என்றுதான் ஷாமினிக்குச் சொன்னேன். அந்தச் சொல் வாயிலிருந்து போனபிறகுதான் எனக்கே கேட்டது.

வீட்டுக்கு வந்து பழைய கொப்பிகளைக் கிளறினேன். தாள் இருந்தது, அன்று மடித்த மடிப்போடு. மேலே என் கையெழுத்தில் ஒரு வரி, 'அப்ப உங்களோட ஆர் இருந்தது?' கீழே முழுவதும் வெள்ளை. ரெஜினா அக்காவிடமிருந்து என்னிடம் இருப்பது இந்தத் தாள்தான்.

இதை வாசிக்கிறவர்களில் மட்டக்களப்பில் அவரைத் தெரிந்தவர்கள் இருக்கலாம். அந்த முகாம் வாசலில் நின்றவர்கள் இருக்கலாம். மூன்று நாளும் அவருக்குப் பக்கத்தில் இருந்தவரே எங்கேயாவது உயிரோடு இருக்கலாம். தெரிந்தால் எனக்குச் சொல்லுங்கள். ஒரு பிள்ளை ரொறன்ரோவில் காத்திருக்கிறாள். எவ்வளவு நீளமான கதையென்றாலும் பரவாயில்லை, நான் எழுந்து போகமாட்டேன்.